வின்ச்சை யார் எடுத்துக்கொள்வது

அஜ்மானில் ஒரு தொழிற்பேட்டையின் பின்தெருவில் எங்கள் கிளைடர் கிளப்புக்கு ஒரு கிடங்கு அறை இருந்தது. பத்தடிக்குப் பன்னிரண்டடி. வருட வாடகை 7,200 திர்ஹம். ஒவ்வொரு ஜூலை முதல் தேதியும் காசோலை கொடுத்துவிட வேண்டும். ஏசி இல்லாத அறை இதில் பாதி விலைக்குக் கிடைக்கும். ஆனால் இங்கே ஆகஸ்டில் தகரக் கூரைக்குக் கீழே வைத்த இறக்கை சில வாரங்களில் முறுக்கிக்கொண்டுவிடும். உள்ளே பதினோரு கிளைடர்கள், அவற்றில் பறக்கும் நிலையில் ஏழு, ஒரு வின்ச், இரண்டு ரப்பர் இழுவைக் கயிறுகள், ஒரு கட்டு பால்சா பலகை, மடக்கு மேசை இரண்டு, எப்போதோ யாரோ விட்டுப்போன பிரியாணி டேக்சா ஒன்று. கிளப்பின் மொத்தச் சொத்து இவ்வளவுதான்.

இந்த 2025 கோடையில் அந்தக் காசோலையை எழுதுவதா வேண்டாமா என்று தீர்மானிக்க வேண்டியிருந்தது. சந்தா கட்டுகிறவர்கள் ஐந்து பேர். களத்துக்கு ஒழுங்காக வருகிறவர்கள் மூன்று பேர். அந்த மூவரில் ஒருவர், கிளப்பை ஆரம்பித்தவர், ஜூலைக் கடைசியில் வேலை முடிந்து கோவைக்குத் திரும்புகிறார். கணக்குப் புத்தகம் என்னிடம் இருந்ததால் கேள்வியும் என்னிடம் வந்து சேர்ந்தது. கிளப்புக்கு ஒரு பெயர்கூட இல்லை. பெயர் வைப்பதற்காகக் கூடிய இரண்டு கூட்டங்களும் சண்டையில் முடிந்தன. மூன்றாவது கூட்டத்தை யாரும் கூட்டவில்லை. பெயரில்லாத ஒன்றை மூடுவது சுலபம் என்று நினைத்தேன்.

மாடல் கிளைடர் என்பது எஞ்சின் இல்லாத சிறு விமானம். கையால் எறிந்தோ, பட்டம்போலக் கயிற்றில் இழுத்தோ மேலே அனுப்ப வேண்டும். கயிறு கழன்ற நொடியிலிருந்து அது விழுந்துகொண்டுதான் இருக்கிறது. நல்ல கிளைடர் மெதுவாக விழும், நொடிக்கு அரை மீட்டருக்கும் குறைவாக. ஒன்றரை மீட்டர் இறக்கையும் கால் கிலோ எடையும் உள்ள ஒன்றை, இறக்கையின் நுனியைப் பிடித்துக்கொண்டு, வட்டு எறிபவரைப்போல ஒரு சுற்றுச் சுற்றி விட்டெறிந்தால் ஐம்பது மீட்டர் ஏறும். சும்மா விட்டால் இரண்டு நிமிடத்தில் தரைக்கு வந்துவிடும். அந்த இரண்டு நிமிடத்துக்குள் எங்கோ மேலே எழுந்துகொண்டிருக்கும் வெப்பக் காற்றை, தெர்மலை, கண்டுபிடித்து அதற்குள் வட்டமிடத் தொடங்கினால், பருந்துபோல ஏறலாம். கண்டுபிடிக்காவிட்டால் நடந்துபோய் எடுத்துவர வேண்டும். விளையாட்டு முழுவதும் இதுதான். பார்க்க வருகிறவர்களுக்கு இதில் ஒன்றும் இருக்காது. ஜெட் மாடல்களைப் பறக்கவிடுகிறவர்கள் பக்கத்தில் கூட்டம் நிற்கும். எங்கள் பக்கத்தில் நிற்பது எங்கள் கார்கள் மட்டும்.

பாலைவனம் என்றால் வெயில், வெயில் என்றால் ஏறும் காற்று, ஆகவே வளைகுடா கிளைடர்காரர்களின் சொர்க்கம் என்று தூரத்திலிருப்பவர்கள் கணக்குப் போடுவார்கள். மே முதல் செப்டம்பர் வரை காற்று ஏறும்தான். கீழே மனிதன் நிற்க முடியாது. 45 டிகிரியில் ரேடியோவின் திரை கறுத்துப்போகும், காரில் விட்ட லித்தியம் பேட்டரி தலையணைபோல உப்பும். எங்கள் பருவம் அக்டோபரிலிருந்து ஏப்ரல் வரை. அதிலும் பல நாள் காலையில் மூடுபனி. ஒன்பதரை பத்துக்கு நிலம் சூடேறி முதல் தெர்மல் கிளம்பும். பகல் ஒன்றரைக்கெல்லாம் கடற்காற்று உள்ளே புகுந்து எல்லாவற்றையும் கலைத்துவிடும். நடுவில் கிடைக்கும் மூன்று, மூன்றரை மணி நேரம்தான் எங்களுடையது.

இடம் உம் அல் குவைன். மாடல் விமானங்களுக்கு அனுமதி பெற்ற ஒரு களத்தின் ஓரத்தை எங்களுக்குக் கொடுத்திருந்தார்கள். அதற்கு அப்பால் கடற்கழி வரைக்கும் சப்கா, அதாவது உப்புத்தரை. ஈரமான சப்கா கறுத்திருக்கும், காய்ந்தது வெளுத்திருக்கும். கறுப்பும் வெளுப்பும் சந்திக்கும் கோட்டின்மேல் காற்று கிளம்பும் என்பது எங்களுடைய நம்பிக்கை. பாதி நாள் அது பலித்திருக்கிறது. நெடுஞ்சாலையோரத்தில் பழைய ரஷ்யச் சரக்கு விமானம் ஒன்று, இலியூஷின் 76, விளம்பரப் பூச்சோடு பல்லாண்டாக நின்றுகொண்டிருந்தது. புதிதாக வருகிறவர்களுக்கு நாங்கள் சொல்லும் முகவரி “அந்த ஏரோப்ளேன் கிட்ட வந்து போன் பண்ணுங்க” என்பதுதான். 2022இல் அதையும் பிரித்துக் கொண்டுபோய்விட்டார்கள்.

கோவை அண்ணனைப் பற்றிச் சொல்ல வேண்டும். அவர் ஊரில் மோட்டார் பம்ப் பட்டறையில் தொழில் பழகியவர், ஷார்ஜாவில் ஓர் அலுமினியப் பட்டறையில் போர்மேனாக இருபத்திரண்டு வருடம் இருந்தவர். பொறியியல் படிக்கவில்லை. இறக்கையின் குறுக்குவெட்டு வளைவை அட்டையில் வெட்டிவைத்துக்கொண்டு, பால்சாவைத் தேய்க்கத் தேய்க்க அந்த அட்டையை வைத்துப் பார்த்துக்கொண்டே இருப்பார். வெளிச்சம் எந்த இடத்திலும் கசியக் கூடாது. 2006இல் அவரும் ஒரு பாகிஸ்தானி ஏசி மெக்கானிக்கும் இரண்டு பேராக ஆரம்பித்ததுதான் கிளப். நான் 2010இல் சேர்ந்தேன். அப்போது எனக்கு ஏரோடைனமிக்ஸ் புத்தகத்தில் தெரிந்ததெல்லாம் தெரியும், காற்றைத் தெரியாது.

“காத்து கண்ணுக்குத் தெரியாதுன்னு யாருங்க தம்பி சொன்னது? கன்னத்துக்குத் தெரியுமுங்க. வலக் கன்னத்துல சில்லுன்னு பட்டா, இடப்பக்கம் சுடுகாத்து எந்திரிக்குதுன்னு அர்த்தம். தரைக்காத்து அதைப் பாத்து ஓடுது, அவ்வளவுதான்.”

இதைப் புரிந்துகொள்ள எனக்கு ஒரு நிமிடம் ஆனது. கன்னத்தில் உணர இரண்டு பருவங்கள் ஆயின. கன்னம் மட்டும் போதாது. கழியின் மேலே கடற்புறாக்கள் இறக்கை அடிக்காமல் சுற்றுகின்றனவா, தூரத்தில் பிளாஸ்டிக் பை ஒன்று எந்தப் பக்கம் சாய்ந்து ஏறுகிறது, கிளைடரின் வால் தானாக ஒரு விரல் உயர்கிறதா, எந்த இறக்கையை ஏதோ ஒன்று மெல்லத் தள்ளிவிடுகிறது. தள்ளிவிடும் பக்கத்தில்தான் தெர்மல் இருக்கும். கிளைடரோ அதற்கு எதிர்ப்பக்கம் விலகும். விலகுகிற பக்கம் போகவிட்டால் தரைதான். தன்னைத் தள்ளுவதை நோக்கித் திரும்ப வேண்டும் என்பது கைக்கு இயல்பாக வருவதில்லை. பழக்கித்தான் வர வேண்டும். 2014 பிப்ரவரியில் ஒரு நாள் அண்ணன் ஒன்றேகால் மணி நேரம் தரையிறக்காமல் பறக்கவிட்டார். ஒரு நாற்காலியைக் கொண்டுபோய்ப் போட்டோம். பிறகு டீ கொண்டுபோய்க் கொடுத்தோம். பார்வையை எடுக்காமல் குடித்தார்.

வின்ச்சும் அவர் செய்ததுதான். ஷார்ஜாவின் பழைய உதிரிபாகக் கடையில் லேண்ட் குரூசரின் ஸ்டார்ட்டர் மோட்டார் ஒன்றை வாங்கி, கடைசல் எந்திரத்தில் ஓர் உருளை கடைந்து பொருத்தி, 12 வோல்ட் கார் பேட்டரியில் இணைத்து, காலால் மிதிக்கும் ஒரு சுவிட்சும் வைத்தார். 200 மீட்டருக்கு அப்பால் தரையில் அறைந்த கப்பி வழியாக நைலான் நரம்பு திரும்பி வரும். சுவிட்சை மிதித்தால் நரம்பு சுருண்டு, கிளைடர் பட்டம்போல விர்ரென்று ஏறும். வெளிநாடுகளில் போட்டிக்காரர்கள் பயன்படுத்தும் வின்ச்சுகளும் இதே ஸ்டார்ட்டர் மோட்டார் யோசனைதான். பேட்டரியோடு சேர்த்தால் முப்பத்தெட்டு கிலோ. இருவர் தூக்க வேண்டும். இவ்வளவு கனமான ஒரு பொருளை வைத்திருக்கிறவர்கள் இந்த நாட்டைவிட்டுப் போகவே மாட்டார்கள் என்று தோன்றும்.

உச்சத்தில் எங்கள் எண்ணிக்கை இருபத்து மூன்று. 2015 டிசம்பரில் துபாயில் உலக வான் விளையாட்டுகள் நடந்தபோது, மாடல் விமானத்தின் பெயரையே கேள்விப்படாதவர்கள்கூட அந்தப் பருவத்தில் வந்து எட்டிப்பார்த்தார்கள். ஆனால் கிளப்பைக் கட்டி வைத்திருந்தது எந்தப் பெரிய நிகழ்ச்சியும் அல்ல. வெள்ளிக்கிழமைதான். இதைத் தொலைத்த பிறகுதான் எனக்கு விளங்கியது. 2006 வரை இங்கே அரசு விடுமுறை வியாழன், வெள்ளி. அந்த வருடம் செப்டம்பரில் வெள்ளி, சனியாக மாறியது. எப்படி மாறினாலும் வெள்ளி நின்றது. வாரம் ஆறு நாள் வேலை செய்யும் பிட்டருக்கும் டிரைவருக்கும், ஐந்து நாள் வேலை செய்யும் வங்கிக்காரருக்கும், யாழ்ப்பாணத்துப் பல் டாக்டருக்கும், எனக்கும், எல்லோருக்கும் பொதுவாக இருந்த ஒரே நாள் வெள்ளி. வளைகுடாவில் வர்க்கங்கள் ஒன்றாக நின்று வானத்தைப் பார்க்க முடிகிற நேரம் வாரத்தில் நான்கு மணி நேரம். அது வெள்ளிக் காலை. ஜும்மா தொழுகைக்குப் போகிறவர்கள் பன்னிரண்டுக்கு முன்னால் கிளம்புவார்கள், மற்றவர்கள் வின்ச்சைக் கழற்றுவார்கள்.

2022 ஜனவரி முதல் தேதியிலிருந்து நாட்டின் வார விடுமுறை வெள்ளி மதியம் தொடங்கி சனி, ஞாயிறு என்றானது. ஷார்ஜா மட்டும் வெள்ளி, சனி, ஞாயிறு மூன்றையும் எடுத்துக்கொண்டது. உலகச் சந்தைகளோடு ஒத்துப்போக அது நல்ல ஏற்பாடு. என் வேலைக்கேகூட வசதி. கிளப்புக்கு என்ன ஆனதென்றால், ஷார்ஜாக்காரர்களுக்கு வெள்ளி, அலுவலகக்காரர்களுக்கு சனி, ஆறு நாள் வேலைக்காரர்களில் பலருக்கு ஞாயிறு என்று மூன்று கிளப்பாகிவிட்டது. சனிக்கிழமை குழந்தைகளுக்கு டியூஷன், தமிழ் வகுப்பு, கிரிக்கெட். மூன்று வாரம் வாட்ஸாப்பில் வாக்கெடுப்பு நடத்தினோம்.

முடிவு அறிவிக்கத் தேவையில்லாமல் போனது. ஜனவரி 17 அன்று அபுதாபியின் முஸஃபாவில் எண்ணெய் லாரிகள் வெடித்தன. ஹூதிகள் பொறுப்பேற்றுக்கொண்ட அந்தத் தாக்குதலில் இறந்த மூவரில் இருவர் இந்தியர்கள், ஒருவர் பாகிஸ்தானி. ஐந்து நாள் கழித்து உள்துறை அமைச்சகம் ட்ரோன்கள், இலகு விளையாட்டு விமானங்கள் எல்லாவற்றின் பறப்பையும் நிறுத்திவைத்தது. எங்களில் யாரும் முணுமுணுக்கவில்லை. இறந்தவர்கள் வெள்ளிக்கிழமைகளில் எங்களோடு நின்றிருக்கக்கூடிய மனிதர்கள். ரேடியோவால் இயக்கி வானில் விடும் எதையும் அந்த நாட்களில் எந்தக் காவலராலும் தூரத்திலிருந்து பிரித்தறிய முடியாது. எங்களுடையதில் எஞ்சின் இல்லை, கேமரா இல்லை என்று விளக்கிக்கொண்டிருக்க அது நேரமும் அல்ல.

ஆனால் கிளப் என்ற முறையில் பேசினால், அந்த மூன்று பருவங்கள் எங்களை முடித்துவிட்டன. ஒரு பருவம் நின்றிருந்தால் தாங்கியிருப்போம். இங்கே ஒரு வேலை விசா பெரும்பாலும் இரண்டு வருடம். மூன்று பருவத்தில் ஒரு முழுச் சுற்று மனிதர்கள் போய்விடுவார்கள். பாகிஸ்தானி மெக்கானிக் லாகூருக்குப் போனார். பல் டாக்டர் குடும்பத்தோடு டொராண்டோ போய்ச் சேர்ந்து ஒரு குரல் செய்தி அனுப்பினார்: “தம்பி, இஞ்ச வெளியில முழுக்கப் பனி. பிளேன் பேஸ்மென்டில கிடக்கு. நீங்கள் அங்க பறக்க விடேக்க எனக்கொரு வீடியோ எடுத்து அனுப்புங்கோ.” நாங்களும் பறக்கவிடவில்லை என்பதை அவரிடம் சொல்லவில்லை, அவருக்கும் தெரிந்திருக்கும். அந்த வருடங்களில் அறைக்குப் போவது எதற்கென்றால், பேட்டரிகளுக்கு மின்னூட்டம் தர, பல்லி முட்டைகளைத் துடைக்க.

2024 நவம்பரில் தடையைக் கட்டம் கட்டமாக விலக்கத் தொடங்கினார்கள், முதலில் நிறுவனங்களுக்கு. 2025 தொடக்கத்தில் தனியாட்களுக்கும் வழி திறந்தது, பதிவும் குறித்த இடமும் என்ற நிபந்தனைகளோடு. களத்துக்காரர்கள் எங்களுக்கு பிப்ரவரியிலும் மார்ச்சிலும் சில காலைகளைக் கொடுத்தார்கள். முதல் நாள் நாங்கள் நான்கு பேர். நைலான் நரம்பு மூன்று வருடத்தில் இற்றுப்போய், வின்ச்சை மிதித்ததும் அறுந்தது. அண்ணன் சிரித்துக்கொண்டே புது நரம்பு கட்டினார். அன்றைக்குத்தான், “ஜூலையோட எனக்குக் கணக்கு முடியுதுங்க தம்பி” என்றார்.

நான் கிளைடரை முதலில் பார்த்தது ஷெஃபீல்டில் எம்.எஸ்ஸி. படித்த வருடம். ஊருக்கு வெளியே பீக் மாவட்டத்துக் குன்றுகளின் விளிம்பில் நின்றுகொண்டு கிழவர்கள் பறக்கவிடுவார்கள். குன்றின்மேல் மோதி ஏறும் காற்றே போதும், வின்ச் வேண்டாம். அவர்களில் ஒருவருக்கு எண்பது வயதிருக்கும். தன் அப்பாவின் கிளைடரை அதே விளிம்பில் பறக்கவிட்டதாகச் சொன்னார். பிரிட்டனில் மாடல் விமானக்காரர்களின் தேசியச் சங்கம் 1922இல் தொடங்கியது, இன்றைக்கும் இருக்கிறது. அங்கே ஒரு கிளப் நலிந்தால் கேட்கிற கேள்வி, “நமக்குப் பின்னால் யார்?” என்பது. இளைஞர்கள் வருகிறார்களா, செயலாளர் பொறுப்பை யார் ஏற்பார்கள், நிலத்தின் குத்தகையை யார் புதுப்பிப்பார்கள். நியாயமான கேள்விகள்.

ஏப்ரல், மே இரண்டு மாதமும் நான் இந்த ஆங்கிலேயக் கேள்வியைத்தான் கேட்டுக்கொண்டிருந்தேன். ஆலோசகனாக இருபது வருடம் வேலை பார்த்த பழக்கம் வேறு; ஒரு தாளை எடுத்து உறுப்பினர் எண்ணிக்கை, செலவு, வருகை எல்லாம் கோடு போட்டுப் பார்த்தேன். எந்தக் கோட்டை எப்படி நீட்டினாலும் அது 2027இல் தரையைத் தொட்டது. வாடிக்கையாளர் யாராவது இந்தத் தாளைக் காட்டியிருந்தால், இதில் இன்னொரு திர்ஹம் போடாதீர்கள் என்று சொல்லி அதற்கும் பில் அனுப்பியிருப்பேன்.

கணக்கில் இடிக்கிற ஒரே விஷயம் ஒரு பதினைந்து வயதுப் பெண். குஸைஸில் இருக்கிறாள், அப்பா அம்மா திருநெல்வேலிப் பக்கம். அப்பா மார்ச்சில் ஒரு நாள் ஆர்வத்தில் வந்தவர், அவளைக் கூட்டிவந்தார். அவள் பள்ளியில் ரோபாட்டிக்ஸ் செய்கிறவள், ட்ரோன் என்று நினைத்து வந்திருக்கிறாள். மோட்டாரே இல்லையென்றதும், “தென் ஹவ் இஸ் இட் ஸ்டேயிங் அப், அங்கிள்?” என்றாள். அண்ணன் ஆங்கிலத்துக்குப் போகவில்லை. எறிகிற கிளைடரை அவள் கையில் கொடுத்து, கண்ணை மூடிக்கொண்டு காற்று எந்தக் கன்னத்தில் படுகிறதென்று சொல்லச் சொன்னார். மூன்று சனிக்கிழமை வந்தாள். மூன்றாவது சனிக்கிழமை, ஏறத்தாழ ஆள் உயரத்துக்கு இறங்கிவிட்ட கிளைடரை, நான் “விட்டுவிடு, இறங்கட்டும்” என்று சொல்லிக்கொண்டிருக்கும்போதே, தள்ளும் பக்கத்துக்குத் திருப்பி ஒரு சின்ன தெர்மலைப் பிடித்துவிட்டாள். பதினொரு நிமிடம் பறந்தது. தரையிறங்கியபோது அவள் அப்பா போனில் எடுத்த வீடியோவில் வானம் மட்டும்தான் இருந்தது.

அவளும் போய்விடுவாள். வளைகுடாவில் வளரும் பிள்ளைகளில் பெரும்பாலோர் பதினெட்டில் கல்லூரிக்கு எங்காவது போவார்கள்: சென்னை, மான்செஸ்டர், டொராண்டோ. அவளை நம்பி ஒரு கிளப்பை நடத்தினால் அதற்கு மூன்று பருவம்தான் ஆயுள். இதை என் மனைவியிடம் சொன்னபோது அவள் கேட்டாள்: “உங்க கிளப்புக்கு எப்ப மூணு பருவத்துக்கு மேல ஆயுள் இருந்துச்சு?”

உண்மைதான். பத்தொன்பது வருடத்தில் எழுபது எண்பது பேர் வந்திருப்பார்கள். மூன்று நான்கு பேரைத் தவிர யாரும் ஐந்து பருவத்தைத் தாண்டியதில்லை. கற்றுக்கொண்டு போனார்கள், அவ்வளவுதான். ஷெஃபீல்டுக் குன்றின் கேள்வியை சப்காவில் நட்டால் முளைக்காது. நமக்குப் பின்னால் யார் என்று கேட்டால், இந்த நாட்டில் நாம் நடத்துகிற எதையும், தமிழ்ச் சங்கத்தையும் சேர்த்துத்தான், நாளைக்கே மூட வேண்டும். எங்களுக்குச் சரியான கேள்வி, இந்த அக்டோபரில் கற்க யாராவது இருக்கிறார்களா, கற்றுக்கொடுக்க யாராவது இருக்கிறார்களா என்பது மட்டும். அதற்கு விடை: ஒருத்தி இருக்கிறாள், இரண்டு பேர் இருக்கிறோம்.

அப்படிப் பார்த்தபோது கிடங்கு அறைதான் வேடிக்கையாகத் தெரிந்தது. போய்க்கொண்டே இருக்கும் மனிதர்கள், போகவே முடியாத பொருட்களுக்கு ஏசி போட்டு வாடகை கட்டிக்கொண்டிருந்தோம்.

ஜூன் 28, சனிக்கிழமை, கராமாவில் ஓர் உணவகத்தில் கூடினோம். ஐந்து நாள் முன்புதான் ஈரானின் ஏவுகணைகள் கத்தாரில் உள்ள அல் உதைத் தளத்தை நோக்கிப் போயிருந்தன, கத்தார் தன் வான்வெளியை மூடியிருந்தது. அதைப் பற்றித்தான் முதல் முக்கால் மணி நேரமும் பேசினோம். அந்த வாரத்தில் பொம்மை விமானத்துக்காக ஒரு கூட்டம் நடத்துவது கொஞ்சம் கூச்சமாகவும் இருந்தது. பிறகு திருச்சூர்க்காரர் கணக்கைக் கேட்டார். கையிருப்பு 4,350 திர்ஹம். வாடகைக்கு ஆளுக்கு 570 திர்ஹம் கூடுதலாகப் போட்டால் சமாளிக்கலாம் என்று அவரே கூட்டிக் கழித்துச் சொன்னார், போடத் தயாராகவும் இருந்தார். கிளப்பை மூடுவது அண்ணனுக்குச் செய்கிற அவமரியாதை என்பது அவர் கட்சி.

அண்ணன் பரோட்டாவைப் பிய்த்துக்கொண்டே கேட்டுக்கொண்டிருந்தார். “என்ற பேரைச் சொல்லி யாரும் வாடகை கட்ட வேண்டாமுங்க” என்றார் கடைசியில். “நான் வெள்ளிக்கிழமை ரூம்ல குந்தியிருந்தா பைத்தியம் புடிச்சுக்கும்னு ஆரமிச்சேன். கிளப்பா ஆவும்னு நானெங்க நெனச்சேன்? உங்களுக்குப் பறக்கோணும்னா பறங்க. எனக்காகப் பறக்காதீங்க.”

யாரும் பதில் பேசவில்லை. வின்ச்சை என்ன செய்வதென்று அந்தப் பெண்ணின் அப்பாதான் கேட்டார். அதற்கும் அண்ணனிடம் விடை தயாராக இருந்தது: பழைய இரும்பு விலைக்குப் போட்டுவிடலாம், செம்புக் கம்பிக்கு நல்ல காசு வரும். இதைச் சொல்லும்போது முகத்தைப் பார்க்க எனக்குத் தைரியம் வரவில்லை.

முடிவு செய்தது இப்படி. அறையை விட்டுவிடுவது. சந்தா இல்லை. கையிருப்பில் களத்தின் பதிவுச் செலவுக்கு ஒதுக்கியதுபோக மீதியைப் பிரித்துக்கொள்வது. பெரிய கிளைடர்கள் நான்கையும் மாடல் பறக்கவிடும் ஓர் எமிராத்தி நண்பர் தன் பண்ணை வீட்டில் வைத்துக்கொள்ளச் சம்மதித்தார். பறக்கவிடுகிறவர் எடுத்துப் பறக்கவிடலாம். எறிகிற கிளைடர்கள் மூன்றும் ஆளுக்கொன்று, வீட்டில், அலமாரிக்குமேல். பறக்காத நான்கில் இரண்டை அண்ணன் உதிரிக்காகப் பிரித்தார். டேக்சா திருச்சூர்க்காரருக்கு.

தான் 2006இல் செய்த முதல் கிளைடரை மட்டும் அண்ணன் ஊருக்குக் கொண்டுபோக விரும்பினார். அதிலும் ஒரு சிக்கல். 2022 பிப்ரவரியில் இந்தியா முழுமையாகச் செய்யப்பட்ட ட்ரோன்களின் இறக்குமதியைத் தடைசெய்துவிட்டது. ஊரில் பறக்கவிடுவதற்கு 2021இன் ட்ரோன் விதிகள் அப்படியொன்றும் கெடுபிடியானவை அல்ல. பொழுதுபோக்கு மாடலுக்கென்று தனி இடமே அதில் உண்டு. ஆனால் கோவை விமான நிலையத்தில், இது ட்ரோன் அல்ல, பால்சா மரம் என்று யார் யாருக்கு விளக்குவது? ரிசீவர், சர்வோ, பேட்டரி எல்லாவற்றையும் கழற்றி இங்கேயே விட்டுவிட்டு, வெறும் இறக்கையையும் உடலையும் துணியில் சுற்றி எடுத்துப்போனார். சுங்கத்தில் கேட்டார்களாம். “பேரனுக்குப் பொம்மைங்க” என்றாராம். பேரன் இன்னும் பிறக்கவில்லை; மகளுக்கு நவம்பரில்தான் நாள் சொல்லியிருக்கிறார்கள்.

வின்ச் இரும்புக் கடைக்குப் போகவில்லை. அறையைக் காலி செய்த அன்று அந்தப் பெண்ணும் அப்பாவோடு வந்திருந்தாள். ஸ்டார்ட்டர் மோட்டாரின் மூடியைத் திறந்து அண்ணன் அவளுக்குக் கரித்துண்டுகளைக் காட்டினார், அவை தேய்ந்தால் எப்படி மாற்றுவதென்று சொல்லிக்கொடுத்தார். அவள் போனில் எடுத்துக்கொண்டாள். பிறகு, “திஸ் கேன் கம் டு அவர் பால்கனி, இல்லப்பா?” என்றாள். அவள் அப்பா அம்மாவுக்குப் போன் செய்தார். அந்த உரையாடலின் ஒரு பக்கத்தை மட்டும் நாங்கள் கேட்டோம். நிறைய “சரி”கள் இருந்தன. நானும் அவரும்தான் லிப்ட் வரை தூக்கினோம். என்னவென்று கேட்ட கட்டடக் காவலாளியிடம் வாஷிங் மெஷின் மோட்டார் என்று சொன்னார். ஆறாவது மாடி, குஸைஸ், செடித்தொட்டிகளுக்கு நடுவே போர்வை போர்த்தி உட்கார்ந்திருக்கிறது. மூன்று வருடம் கழித்து அதை என்ன செய்வார்கள் என்று நான் கேட்கவில்லை.

பதிவு வேலைகளை இரண்டு பேர் பெயரில் முடித்திருக்கிறோம். களத்துக்காரர்களுக்கு ஆகஸ்டில் எழுதினேன். போன வாரம் பதில் வந்தது: அக்டோபர் முதல் வாரத்திலிருந்து சனிக்கிழமைகளில் காலை ஏழிலிருந்து ஒன்பது வரை எங்களுக்குத் தருவதாக. மரியாதையான கடிதம். ஆனால் ஒன்பதரைக்கு முன்னால் அங்கே எதுவும் ஏறாது. எட்டரையிலிருந்து பதினொன்று வரை கிடைக்குமா என்று கேட்டு, காரணத்தையும் எழுதி, திருப்பி அனுப்பியிருக்கிறேன்.